தகரக் கூரைக்குக் கீழே குரல் பதிவது

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் கூரை தகரம். இதே மாதிரி வீட்டில் இருந்து பாட்டுச் செய்ய நினைக்கும் தம்பி தங்கைகள், மைக் வாங்குவதற்கு முதல் ஒரு முழு நாள் உங்கள் கூரையைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

பொழுதுபட்டதும் தகரம் சூடு ஆறிச் சுருங்கி 'டிக், டிக்' என்னும். சோளகம் வீசும் மாதங்களில் ஆணி கழன்ற தகரம் இரவு முழுக்க அடிக்கும், ஏறி இறுக்கிவிடுங்கள். மாரியில் மழை விட்டாலும் தவளை விடாது. விடியப்புறம் மயில். நான் குரல் பதிவது இரவு 10 மணிக்குப் பிறகுதான்.

அப்புறம் அறை. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். சத்தம் வால் போல இழுபட்டால் அந்த வால் குரலிலும் ஒட்டும், பிறகு கழற்றுவது பெரும்பாடு. மைக் உங்கள் வாயோடு சேர்த்து முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் கேட்கிறது. அதனால் நெல் மூட்டை அடுக்கிய மூலைக்கு முதுகு காட்டி நிற்பேன். மூட்டைகளில் பஞ்சு மெத்தையைச் சாத்தி, தலைக்கு மேல் கயிறு கட்டித் தடித்த போர்வை இரண்டு போடுவேன். தகர வீட்டில் அந்தப் போர்வைதான் முக்கியம்.

முதலில் கண்டென்சர் மைக், அதாவது மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் வகை, வாங்கினேன். பக்கத்து வளவுத் தண்ணீர்ப் பம்பு வரை பதிந்தது. இப்போது கிட்டத்துச் சத்தத்தையே முக்கியமாகப் பிடிக்கும் டைனமிக் மைக்; வாய்க்கு நாலு விரல் தள்ளி, சற்றுச் சரித்து வைத்தால் 'ப' வெடிக்காது. பதிவின் தரத்தை 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரத்துப் பாடும் இடத்திலும் சத்த அளவைக் காட்டும் மீட்டர் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டக் கூடாது. உறுமல் கேட்டால் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். மென்பொருளுக்கு இலவச ஒடாசிட்டியே போதும்.

அம்மம்மாவின் அரிவு வெட்டுப் பாட்டைப் பதிந்தபோது ஹெட்போனில் தாளம் கொடுத்தேன். பாட்டு நடக்கவே இல்லை. அவர் தாளம் அரிவாள் போய்வரும் வேகத்தில் இருக்கிறது. ஹெட்போனைக் கழற்றி, மூட்டையில் இருத்தி, அவர் போக்கில் பாடவிட்டேன். பறையைப் பிறகு அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு அடித்துச் சேர்த்தேன். வயதானவர்களைப் பதிபவர்கள் தயவுசெய்து இப்படியே செய்யுங்கள்.

பாட்டு முடிந்ததும் உடனே நிறுத்த வேண்டாம். வெறும் அறைச் சத்தம் 20 செக்கன் ஓடட்டும். இரைச்சலைக் குறைக்கும்போது அந்தத் துண்டைத்தான் மாதிரியாகக் காட்ட வேண்டும். அம்மம்மாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். கடைசி அடி பாடியதும் வாயில் விரலை வைத்துக்கொண்டு, நான் தலையாட்டும் வரை என்னையே பார்த்தபடி இருப்பார்.