டெஸ்டோஸ்டிரோன் தொடங்கும் தம்பிகளுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்கு வரும் போன்களில் பாதி, ஊசி ஆரம்பித்து மூன்றாவது மாதம் நடக்கும் தம்பிகளுடையது. "அண்ணா, மீசை அரும்பக்கூட இல்ல. டோஸை ரெண்டா ஏத்திக்கட்டுமா?" என்பார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியோடு தவித்தேன். தமிழில் பதில் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை எடுத்துக்கொள்ளும் ஒரு திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவன். உங்கள் மருந்தளவை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த மருந்து நம்மை இன்னொரு முறை பருவமடைய வைக்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன்களை நினைத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் குரல் கரகரக்க ஆரம்பித்தவனுக்குத் தாடி நிரம்பக் கல்லூரி முடிய வேண்டியிருக்கிறது. நமக்கும் அதே கணக்குதான். முதல் சில மாதங்களில் தோலில் எண்ணெய் வடியும், முகத்திலும் முதுகிலும் பரு வரும். பெரும்பாலானவர்களுக்கு 6 மாதத்துக்குள் மாதவிடாய் நிற்கும். கிளிட்டோரிஸ் (பிறப்புறுப்பின் மேல்பக்கம் இருக்கும் சிறு மொட்டு) பெரிதாவதும் இந்தக் காலத்தில்தான். குரல் முதல் வருஷத்துக்குள் இறங்கத் தொடங்கி, ஒன்றிரண்டு வருஷத்தில் ஒரு நிலைக்கு வரும். இடுப்புக் கொழுப்பு இடம் மாறுவதும் தசை ஏறுவதும் முழுமையாக 2 முதல் 5 வருஷம் ஆகும். தாடி மீசை 6 மாதத்துக்குப் பிறகு மெல்லத் தலைகாட்டும், நிரம்ப 4, 5 வருஷம் பிடிக்கும். என் கன்னத்து ரோமம் ஒன்றோடொன்று சேர்ந்தது நாலாவது வருஷம்.

எவ்வளவு வரும் என்பதை ஊசி மட்டும் தீர்மானிப்பதில்லை. உங்கள் அப்பா, சித்தப்பா, தாய்மாமன், அம்மாவழித் தாத்தா ஆகியோரின் பழைய போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். அவர்களுக்கு அடர்ந்த மீசை இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு உண்டு. முப்பது வயதில் அவர்களுக்கு முன்நெற்றி ஏறியிருந்தால் அதற்கும் வாய்ப்பு உண்டு. இரண்டையும் ஒரே மருந்துதான் தருகிறது.

சரி, டோஸைக் கூட்டினால் என்ன? உடம்பு தனக்கு மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை ஈஸ்ட்ரோஜனாக, அதாவது பெண் ஹார்மோனாக மாற்றிக்கொள்ளும். எதை விட்டு விலக நினைக்கிறோமோ அதையே காசு கொடுத்து ஏற்றிக்கொள்வது போலாகும். கூடவே ரத்தம் கெட்டிப்படும், பரு கொப்பளிக்கும், தூக்கம் கெடும். சாதாரணமாக ஆண்களின் ரத்தத்தில் இருக்கும் அளவுக்குக் கொண்டுவருவதுதான் இந்தச் சிகிச்சையின் இலக்கு. அதைத் தாண்டினால் தாடி வேகமாக வராது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஆரம்பத்தில் 250 மில்லிகிராம் ஆம்பியூலை மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டிருந்தேன். போட்ட முதல் வாரம் நெஞ்சு படபடக்கும், எதற்கெடுத்தாலும் கோபம் வரும். கடைசி வாரம் எழுந்திருக்கவே மனசு வராது, சாப்பிட உட்கார்ந்தால் அழுகை முட்டும். என் குணமே கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒரு டாக்டர்தான் காரணத்தைச் சொன்னார். எனாந்தேட் வகை ஊசியில் முதல் சில நாள் மருந்து உச்சத்தில் நிற்கும், பிறகு மளமளவென இறங்கிவிடும். மொத்த அளவைக் கூட்டாமல் சிறு அளவாகப் பிரித்து, வாரம் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று மாற்றினார். இரண்டே மாதத்தில் வீட்டிலிருப்பவர்களுக்கே வித்தியாசம் தெரிந்தது. ஊசி தேதி நெருங்கும்போதெல்லாம் மனசு சரிகிறது என்றால் அதை நாள் போட்டுக் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக முன்கூட்டிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஜிம்மில் கிடைப்பதை வாங்கிப் போடுவது இன்னும் மோசம். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் மாத்திரை கல்லீரலைப் பதம் பார்க்கும். நண்பனின் சீட்டைக் காட்டி வாங்குவதும் வேண்டாம். ஊசி மருந்து எண்ணெயில் கரைத்தது, எந்த எண்ணெய் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். சஸ்டனான் ஊசியில் இருப்பது கடலை எண்ணெய். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதைப் போடக் கூடாது. நண்பனுக்கு எழுதிய சீட்டில் உங்கள் ஒவ்வாமை இருக்காதே.

ஊசி போடும் விதத்திலும் கவனம் வேண்டும். நான் இப்போது எனக்கு நானே தொடையில் போட்டுக்கொள்கிறேன், ஒரு நர்ஸ் அக்கா பக்கத்தில் நின்று நாலு தடவை போட வைத்துப் பழக்கினார். ஆம்பியூலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டுவேன். சூடேறினால் எண்ணெய் இளகும், சிரிஞ்சில் தடையில்லாமல் ஏறும். உறிஞ்ச ஒரு பெரிய ஊசி, போட வேறு புது ஊசி. தொடையின் வெளிப்பக்கம், ஒரு வாரம் இடது, அடுத்த வாரம் வலது. அவசரப்படாமல் மெதுவாக அழுத்த வேண்டும். பிட்டத்தில் போடுவதாக இருந்தால் மேல் வெளிமூலையில்தான் போட வேண்டும், இடம் தவறினால் காலுக்கு ஓடும் பெரிய நரம்பில் படும். 10 முதல் 14 வாரத்துக்கு ஒரு முறை போடும் 1000 மில்லிகிராம் அன்டெக்கனோயேட் ஊசியை வீட்டில் போடவே கூடாது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விட்டால் திடீரென்று இருமலும் மூச்சுத்திணறலும் வரலாம். போட்ட பிறகு அரை மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைப்பது அதனால்தான். ஜெல் தடவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காய்ந்த பிறகு சட்டை போடுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அது காயாமல் அக்கா குழந்தையைத் தூக்காதீர்கள். தோலிலிருந்து தோலுக்கு மருந்து ஒட்டிக்கொள்ளும்.

குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகளில் பாடும் பையன்களுக்குக் குரல் உடைவதை மகரக்கட்டு என்பார்கள். நேற்று வரை எட்டிய சுருதி இன்று எட்டாது. நமக்கும் அப்படித்தான். குரல்நாண்கள் தடிக்கும், பேச்சு நடுவில் வழுக்கும், சில வாரம் தொண்டை கட்டியதுபோலவே இருக்கும். அந்தச் சமயத்தில் தொண்டையை இறுக்கி வலுக்கட்டாயமாகக் கட்டைக் குரலில் பேசிப் பழகுவதுதான் நாம் செய்யும் தவறு. நான் ஒரு வருஷம் அப்படிப் பேசி, மாலையானால் தொண்டை வலியோடு வீடு திரும்பினேன். அதன் பாட்டுக்கு இறங்க விடுங்கள். பாடுகிறவராக இருந்தால், ஆரம்பிக்கும் முன்பே குரல் பயிற்சியாளரிடம் பேசிவிடுங்கள். மாதம் ஒரு முறை அதே இரண்டு வரியைப் போனில் பதிவு செய்து வையுங்கள். தினமும் கேட்கும் நம் காதுக்கு மாற்றம் தெரியாது.

குரல், தாடி, கிளிட்டோரிஸ் வளர்ச்சி, வழுக்கை ஆகியவை ஊசியை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. தசையும் கொழுப்பும் திரும்பும், மாதவிடாயும் பெரும்பாலும் திரும்பும். எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வளர்ச்சி முடிந்தவர்கள் உயரமாக மாட்டார்கள், இடுப்பெலும்பு மாறாது. மார்பு கொஞ்சம் தளரலாம், மறையாது, அதற்கு அறுவை சிகிச்சைதான். அதுவரை பைண்டர் (மார்பை இறுக்கித் தட்டையாகக் காட்டும் உள்ளாடை) போடுகிறவர்கள் அதோடு தூங்காதீர்கள். சித்திரை வெயிலில் மூச்சு முட்டினால் உடனே கழற்றுங்கள்.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை. டெஸ்டோஸ்டிரோன் அளவு, ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), கொழுப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். என் முதல் ரிப்போர்ட்டில் பாலினம் பெண் என்று அச்சாகியிருந்தது. பெண்களுக்கான அளவோடு ஒப்பிட்டதால் ஹீமோகுளோபின், டெஸ்டோஸ்டிரோன் இரண்டுக்கும் பக்கத்தில் நட்சத்திரக்குறி. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் டாக்டர் ஆண்களின் அளவோடு பார்த்து, "எல்லாம் சரியா இருக்கு, போய் வேலையைப் பாருங்க" என்றார். அதற்காக நட்சத்திரத்தைப் பார்த்துப் பழகிவிட்டோமென்று கண்டுகொள்ளாமல் விடவும் கூடாது. ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தொட்டால் அது ஆண் உடம்புக்கும் அதிகம். ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. சிகரெட் அதை இன்னும் ஏற்றும். ரத்தம் எடுக்கும் நாளும் முக்கியம். எனாந்தேட் போடுகிறவர்களுக்கு இரண்டு ஊசிக்கு நடுவில் எடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 400 முதல் 700 நானோகிராம் வரை இருக்கலாம். கடைசி ஊசி எந்தத் தேதி என்று சொல்லாமல் கொடுத்த ரிப்போர்ட்டை வைத்து டாக்டர் எதுவும் முடிவு செய்ய முடியாது.

இனி வாய் திறக்கக் கூச்சப்படும் விஷயங்கள். மாதவிடாய் நின்றாலும் கரு முட்டை வெளியாகலாம். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து ஆகாது, கருவில் இருக்கும் குழந்தைக்குக் கேடும் செய்யும். கர்ப்பத்துக்கு வழியிருக்கும் உறவில் இருப்பவர்கள் கருத்தடை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும் வரும். பலர் அதை வருஷக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, தாடியையோ குரலையோ அது தொடாது. மாதவிடாய் நின்று பல மாதம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால் பரிசோதிக்க வேண்டும். கருப்பை வாய் இருக்கும் வரை அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையும் தேவை. பெண்கள் வார்டு வரிசையில் தாடியோடு நிற்கும் வேதனை எனக்குத் தெரியும். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள், ஆனால் போகாமல் இருக்காதீர்கள்.

பிற்காலத்தில் சொந்தக் குழந்தை வேண்டுமா என்ற பேச்சை முதல் ஊசிக்கு முன்பே பேச வேண்டும். கரு முட்டையைச் சேமிக்க நினைத்தால் அதற்கு அதுவே நல்ல சமயம்.

கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்த சிலர், எல்லாம் முடிந்தது என்று ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். அப்போது உடம்பில் எலும்பைக் காக்கப் போதுமான எந்த ஹார்மோனும் இருக்காது. நாற்பது வயதில் எலும்பு தேயும்.

சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் நமக்கான சிறப்புப் பிரிவுகள் தொடங்கப்பட்டிருக்கின்றன. நாளையும் நேரத்தையும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இதுவரை நீங்களாகவே ஊசி போட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி, வீட்டில் யாருக்காவது மாரடைப்போ ரத்தக்கட்டோ வந்திருந்தால் அதுவும், ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும்.