மண்ணைக் கழுவிய மருந்தை நுண்ணுயிர் தின்கிறதா? வீட்டில் பார்க்கும் முறை

ஈயமோ காட்மியமோ ஊறிய மண்ணைக் கழுவும்போது, உலோகத்தைக் கவ்விக்கொள்ளும் சேர்மத்தை நீரில் கரைத்து ஊற்றுவார்கள். ஈடிடிஏ அதில் பேர்பெற்றது. ஆனால் அது மண்ணில் எளிதில் சிதையாது. கவ்விய உலோகத்தோடு நிலத்தடி நீர்வரை போய்விடக்கூடும். சிட்ரிக் அமிலத்தின் பிடி அத்தனை வலுவானதல்ல. ஆனாலும் நுண்ணுயிர்கள் அதை விரைவில் தின்று தீர்க்கின்றன. அதனாலேயே எனக்கு அதன்மேல் மதிப்பு. செம்போ காட்மியமோ அதைப் பிணைத்திருந்தால் மட்டும் அந்த உணவு அவற்றுக்கு எளிதில் செரிப்பதில்லை.

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையிலேயே இதைப் பார்க்கலாம். மாசுபட்ட மண்ணைத் தொடவே வேண்டாம். பூந்தொட்டி மண் போதும்.

முதலில் சுண்ணாம்பு நீர். நுண்ணுயிர் தின்னும்போது மூச்சாக விடும் கரியமில வாயு பட்டால் இது பால்போல் வெளுக்கும். லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் வாங்கிய வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு கரண்டியை ஒரு லிட்டர் நீரில் கலக்கி, மூடி, இரவு முழுவதும் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும் வடித்தெடுங்கள். கையுறை அவசியம், கண்ணில் தெறிக்கக் கூடாது.

அடுத்து, 200 மில்லி நீரில் 5 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, 6.5 கிராம் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். அமிலம் தணிந்து சிட்ரேட் என்ற உப்பாகும். நுரை அடங்கிய பின்னும் ஒரு மணி நேரம் திறந்தே வையுங்கள். இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். முதல் முறை நான் அமிலத்தை அப்படியே மண்ணில் ஊற்றினேன். பத்தே நிமிடத்தில் சுண்ணாம்பு நீர் பால்போல் ஆனதும் துள்ளிக் குதித்தேன். மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தோடு அமிலம் வினைபுரிந்து வந்த வாயு அது. நுண்ணுயிர் விட்ட மூச்சல்ல.

மூன்று கண்ணாடிப் புட்டிகளில் தலா 50 கிராம் மண். முதலாவதில் வெறும் நீர் 10 மில்லி. இரண்டாவதில் கரைசல் 10 மில்லி. மூன்றாவதிலும் அதே கரைசல்தான், ஆனால் கொதிக்கவைத்து ஆறியது. இந்த மூன்றாவதின் மண்ணையும் பிரஷர் குக்கரில் அடுத்தடுத்து இரண்டு நாள், அரை மணி நேரம் வேகவைத்து ஆறவிட்டிருக்க வேண்டும். மண்மேல் சிறு கிண்ணத்தில் சுண்ணாம்பு நீர் வைத்து இறுக மூடுங்கள்.

சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். சிங்கப்பூரின் வெப்பம் நுண்ணுயிர்களுக்கு உகந்தது, காத்திருப்பு நீளாது. நாள்தோறும் திறந்து காற்றுவிட்டு, சுண்ணாம்பு நீரை மாற்றுங்கள். முதல் புட்டியும் மெல்ல வெளுக்கும், ஏனெனில் மண் எப்போதும் மூச்சுவிடுகிறது. இரண்டாவது அதைவிட விரைவாக, அடர்த்தியாக வெளுத்தால், சிட்ரேட் உணவாகிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது சில நாள் தெளிவாக நின்று பிறகு வெளுத்தால் பதறாதீர்கள்: மூடியைத் திறந்தபோது காற்றோடு வந்தவையும், வேகாமல் தப்பிய நுண்ணுயிர் வித்துகளும் வேலையைத் தொடங்கிவிட்டன.