ராஜா ஒரு கட்டம்தான் நகரும், ஆனால் எந்தக் கட்டம்?

"எட்டுத் திசையிலும் ஒரு கட்டம் போகும், அவ்வளவுதான்." எனக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தவர் ராஜாவைப் பற்றிச் சொன்னது இது மட்டும்தான். அதை நம்பி ஆடி, "அங்கே வைக்கக் கூடாது" என்று எத்தனை முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை. காய் அடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

முதலில் காலிப் பலகையில் ராஜாவை மட்டும் வையுங்கள். நடுவில் நின்றால் 8 கட்டம், ஓரத்தில் 5, மூலையில் 3. அப்புறம், எதிராளி காய் தாக்கும் கட்டத்தில் ராஜா கால் வைக்கக் கூடாது. அதனால்தான் இரண்டு ராஜாக்கள் ஒட்டி நிற்கவே முடியாது.

நான் திரும்பத் திரும்பச் சறுக்கிய இடம் இனிமேல்தான். ராஜாவை நடுவில் வைத்து, அதே நேர்கோட்டில் மூன்று கட்டம் தள்ளி எதிராளி யானையை வையுங்கள். செக், அதாவது ராஜா தாக்குதலில் நிற்கிறது. கை தானாக ராஜாவை ஒரு கட்டம் பின்னால் இழுக்கும், ஏனென்றால் யானையின் கோடு ராஜாவோடு முட்டி நிற்பதுபோல் தெரிகிறது. ஆனால் அந்தக் கோட்டை மறைத்துக்கொண்டிருந்ததே ராஜாதான்! அது பின்வாங்கினாலும் செக் தொடரும். இதற்கு நான் செய்வது: மனதுக்குள் ராஜாவைப் பலகையிலிருந்து தூக்கிவிட்டு, யானை எதுவரை பார்க்கிறது என்று பார்ப்பேன். முன் கட்டமும் பின் கட்டமும் போக, மிச்சம் 6. மந்திரி, ராணி கொடுக்கும் செக்குக்கும் இதே வேலைதான்.

பக்கத்தில் வந்து நிற்கும் காயை ராஜா வெட்டலாம், அதற்குக் காவல் இல்லாவிட்டால் மட்டும்.

இதையெல்லாம் மரப்பலகையில் பழகுங்கள். செயலிகள் பல, காயைத் தொட்டதுமே போகக்கூடிய கட்டங்களில் புள்ளி வைத்துவிடும். நாம் யோசிக்கவே மாட்டோம்.

பிற்சேர்க்கை: காஸ்லிங்கை (ராஜாவும் ஒரு யானையும் ஒரே நகர்வில் சேர்ந்து நகர்வது) விட்டுவிட்டேன் என்று இரண்டு பேர் கேட்டார்கள். ராஜா ஒரே நகர்வில் இரண்டு கட்டம் போவது அப்போது மட்டும்தான். ராஜாவும் அந்த யானையும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது, நடுவில் காய் இருக்கக் கூடாது. ராஜா நிற்கும், கடக்கும், போய்ச் சேரும் கட்டங்கள் தாக்குதலில் இருக்கக் கூடாது. யானை தாக்குதலில் இருந்தால் பரவாயில்லை. போட்டிகளில் ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையைத் தொட்டால் அந்தப் பக்கம் காஸ்லிங் போச்சு, யானையைத்தான் நகர்த்தியாக வேண்டும்.