லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்குவது எப்படி?

போன வருடம் அக்கா மகளுக்கு ஒரு நுழைவுத் தேர்வு. ஹால் டிக்கெட்டைக் காலையில் இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். காலையில் கணினியைப் போட்டால் வைஃபை இல்லை. முந்தின இரவு லினக்ஸ் மிண்டில் அப்டேட் ஓட்டியிருந்தேன், அதில் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, மாறியிருந்தது. என் யுஎஸ்பி அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரோ, பழைய கெர்னலுக்காக நானே மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து (ஓடும் வடிவத்துக்கு மாற்றி) வைத்தது. புது டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், ஆட்டோ வந்துவிட்டது. கடைசியில் என் போனை கேபிளில் இணைத்து, போனின் நெட்டைக் கணினிக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டு, ஒரு வழியாக அச்செடுத்துக் கொடுத்தேன்.

அந்த அடாப்டரின் பெட்டியில் 'லினக்ஸ் சப்போர்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கூடவே வந்த சிடியில் லினக்ஸ் டிரைவரின் மூலநிரலும் இருந்தது. ஆனால் அது ஏதோ ஒரு காலத்துக் கெர்னலுக்கு எழுதியது. லினக்ஸில் புதிதாக நுழைகிறவர்களை இந்த மாதிரி ஒரு காலைப்பொழுது விண்டோஸுக்கே திருப்பி அனுப்பிவிடும். அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வோம்

விண்டோஸில் பொருளை வாங்கி, அதற்கான டிரைவரைப் போட்டுக்கொள்கிறோம். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அவையும் சேர்ந்தே புதுப்பிக்கப்படும். இப்படி உள்ளேயே டிரைவர் இருக்கும் அடாப்டரைச் செருகினால், சில நொடிகளில் பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள்கூட வரிசையாக வந்து நிற்கும். உள்ளே இல்லாவிட்டால் வெளியிலிருந்து எடுத்துக் கம்பைல் செய்ய வேண்டும். ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டின்போதும் அதை மறுபடி செய்தாக வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி இதைத் தானாகச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் புதுக் கெர்னலோடு அந்த மூலநிரல் ஒத்துப்போகாவிட்டால் டிகேஎம்எஸ்ஸும் கைவிரித்துவிடும். கையொப்பமில்லாத நிரல்களைக் கணினி தொடங்கும்போதே தடுக்கும் செக்யூர் பூட்டைப் போட்டிருந்தால், அந்த டிரைவருக்குக் கையொப்பமிடும் வேலை வேறு சேர்ந்துகொள்ளும்.

டிரைவர் கம்பெனியைப் பார்த்து வருவதில்லை, அடாப்டருக்குள் இருக்கும் சிப்பைப் பார்த்து வருகிறது. அதனால் கடையில் நாம் தேட வேண்டியது சிப்பைத்தான்.

படி 1: உங்கள் கெர்னல் எது?

கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து யு, என், ஏ, எம், இ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் சேர்த்துத் தட்டுங்கள். அப்புறம் ஒரு இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டினாற்போல் சிறிய ஆர். என்டர் கொடுத்தால் 5.15 என்றோ 6.8 என்றோ தொடங்கும் ஒரு எண் வரும். முதல் இரண்டு எண்கள் போதும், அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் மிண்ட் 21 வரிசை 5.15 கெர்னலோடு வந்தது, மிண்ட் 22 வந்தது 6.8 கெர்னலோடு. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 12-ஆம் பதிப்பில் 6.1, 13-ஆம் பதிப்பில் 6.12. மிண்டில் அப்டேட் மேனேஜரின் வியூ மெனுவுக்குள் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' என்ற பக்கம் இருக்கிறது. அங்கே கிடைக்கும் புதிய கெர்னலுக்கு மாறிக்கொள்ளலாம். பழையது அழியாது, தேவைப்பட்டால் கணினி தொடங்கும்போது அதையே தேர்ந்தெடுக்கலாம்.

படி 2: உங்களுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

அட்டையில் ஏசி600, ஏசி1200, ஏஎக்ஸ்1800 என்று போட்டிருப்பதெல்லாம் இரண்டு அலைவரிசைகளின் வேகத்தையும் கூட்டிச் சொல்வது. ஏசி600 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433 மெகாபிட். ஏசி1200 என்றால் 300, 867. ஒரே நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் அடாப்டர் ரவுட்டரோடு பேசும் என்பதால் இரண்டையும் கூட்டிப் பார்ப்பதில் பொருளில்லை. அதிலும் பாதி கையில் வந்தாலே நல்லது. வீட்டில் 100 மெகாபிட் பிளான் என்றால் ஏசி600 தாராளம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லார் வீட்டு ரவுட்டரும் அதில்தான் நெரிசலாக நிற்கும். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம், சுவர் மட்டும் ஆகாது. இரண்டும் உள்ள டூயல் பேண்ட் வாங்குவதே நல்லது. நகம் அளவே இருக்கும் நானோ அடாப்டர் பார்க்க அழகுதான். ரவுட்டர் இரண்டு சுவர் தள்ளி இருந்தால் மட்டும் ஆன்டெனா உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 3: எந்தச் சிப்?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

என் முதல் தேர்வு மீடியாடெக் எம்டி7612யு. டூயல் பேண்ட், ஏசி1200. இதன் டிரைவர் 2018-இல் வந்த 4.19 கெர்னலிலிருந்து உள்ளேயே இருக்கிறது. அதனால் இன்று நீங்கள் போடும் எந்த லினக்ஸிலும் செருகியதும் ஓடும் என்று நம்பலாம். ரவுட்டர்களுக்கான ஓபன்டபிள்யுஆர்டி திட்டத்தில் பல வருடம் உழைத்த ஃபீலிக்ஸ் ஃபியட்காவ் தொடங்கிய எம்டி76 டிரைவர் குடும்பத்தில்தான் இதுவும் வருகிறது. அந்த உழைப்பின் பலனை நாம் ஒரு கட்டளைகூடத் தட்டாமல் அனுபவிக்கிறோம். ஆல்ஃபா ஏடபிள்யுயுஎஸ்036ஏசிஎம் என்ற மாடலில் இந்தச் சிப் இருக்கிறது. இதே குடும்பத்தில் சின்னது எம்டி7610யு, ஏசி600 வேகத்துக்கு.

வைஃபை 6 வேண்டும் என்றால் எம்டி7921ஏயு. இதற்கு 5.18 அல்லது அதற்கு மேற்பட்ட கெர்னல் வேண்டும். 5.15-இல் இருக்கும் மிண்ட் 21-காரர்கள் முதலில் கெர்னலை மாற்றிவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். முதல் படியில் எண்ணைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பழைய கணினி, மின்னஞ்சலும் செய்தியும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ராலிங்க் ஆர்டி5370, மீடியாடெக் எம்டி7601யு ஆகிய இரண்டும் விலை குறைந்தவை. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். ராலிங்கை 2011-இல் மீடியாடெக் வாங்கிவிட்டதால் இரண்டு பெயர்களும் கலந்து வரும், குழம்ப வேண்டாம்.

அடுத்தது ஏத்தரோஸ் ஏஆர்9271. இதன் டிரைவர் மட்டுமல்ல, சிப்புக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேரும் கட்டற்ற மென்பொருள். மேலே சொன்ன மற்ற சிப்களுக்கெல்லாம் டிரைவர் திறந்திருந்தாலும் ஃபர்ம்வேர் மூடிய கோப்பாகவே வருகிறது. திங்க்பெங்குவின் நிறுவனத்தின் டிபிஇ-என்150யுஎஸ்பி என்ற அடாப்டருக்கு ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் சான்றிதழ் கிடைத்தது, இந்தச் சிப்பில் இயங்குவதால்தான். வேகம் 150 மெகாபிட் மட்டுமே, 5 கிகாஹெர்ட்ஸும் கிடையாது. ஆனால் தன் கணினியில் ஓடும் ஒவ்வொரு வரியும் திறந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர் தயங்காமல் இதை வாங்கலாம்.

ரியல்டெக்? கடையில் கைநீட்டினால் வருவது பெரும்பாலும் இதுதான். நெடுங்காலம் தலைவலியாக இருந்தது, இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னலில் ஆர்டிஎல்8822பியு, 8821சியு போன்றவற்றுக்கான டிரைவர் உள்ளே சேர்ந்துவிட்டது. புதிய கெர்னல் வைத்திருப்பவர்கள் துணிந்து பார்க்கலாம். ஆனாலும் மிகப் புதிய ரியல்டெக் சிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள், டிரைவர் வந்து சேரக் கொஞ்சம் காலம் எடுக்கும்.

படி 4: மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள்

டிபி-லிங்க் டிஎல்-டபிள்யுஎன்722என் என்ற அடாப்டரை லினக்ஸ் பழகியவர்கள் நிறையப் பேர் பரிந்துரைப்பார்கள். அவர்கள் சொல்வது முதல் பதிப்பை, அதில் இருந்தது ஏஆர்9271. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே இருப்பது ரியல்டெக் சிப். பெயர் அதே, வெளித்தோற்றமும் கிட்டத்தட்ட அதே. வித்தியாசம் தெரிவது பெட்டியின் அடியில், பார்கோடுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணில் மட்டும்தான்.

ஆகவே மாடல் பெயர், பதிப்பு எண், 'சிப்செட்' என்ற மூன்றையும் சேர்த்து இணையத்தில் தேடுங்கள். சிப் பெயர் கிடைத்ததும் அதோடு 'லினக்ஸ் கெர்னல்' என்று சேர்த்து இன்னொரு முறை தேடுங்கள். கம்பைல் செய்யச் சொல்லும் பக்கங்களாகவே வந்து நின்றால், அந்த அடாப்டர் வேண்டாம். சிப் எது என்றே தெரியாத, கம்பெனி பெயர் இல்லாத மலிவுச் சரக்கும் வேண்டாம். ஒரே பெட்டிக்குள் இந்த மாதம் ஒரு சிப், அடுத்த மாதம் வேறு சிப் என்று இருக்கும்.

சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் வாங்குவதாக இருந்தால், லினக்ஸ் போட்ட லேப்டாப் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். "அண்ணே, ஒரு தடவை செருகிப் பார்த்துட்டு வாங்கிக்கிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். லேப்டாப்பின் சொந்த வைஃபையை மட்டும் முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்கிறது என்று தெரியாது. இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்ப வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 5: செருகிப் பார்ப்பது

வீட்டுக்கு வந்ததும் செருகி, அரை நிமிடம் பொறுங்கள். நெட்வொர்க் ஐகானைச் சொடுக்கினால் வைஃபை பெயர்கள் வந்தால் உங்கள் ரவுட்டரைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். வேலை முடிந்தது.

வரவில்லையா? டெர்மினலில் எல், எஸ், யு, எஸ், பி என்று ஐந்து எழுத்துகளையும் சேர்த்துத் தட்டுங்கள். யுஎஸ்பியில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி வரும். அதில் 'ஐடி' என்பதை அடுத்து, முக்காற்புள்ளியால் பிரித்த இரண்டு எண்கள் இருக்கும். முதல் பாதி கம்பெனி, இரண்டாம் பாதி பொருள். 0இ8டி என்று தொடங்கினால் மீடியாடெக், 148எஃப் என்றால் ராலிங்க், 0பிடிஏ என்றால் ரியல்டெக். (திரையில் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும்.) எம்டி7612யு அடாப்டருக்கு 0இ8டி:7612 என்று வரும். ஆனால் எல்லாக் கம்பெனியும் சிப்பின் எண்ணை அப்படியே விடுவதில்லை. சிலர் தங்கள் சொந்த எண்ணைப் போட்டுவிடுவார்கள். அப்போது அந்த முழு எண்ணையும் தேடிப் பார்த்தால் சிப் தெரிந்துவிடும்.

0பிடிஏ:1ஏ2பி என்று வந்து, கோப்பு மேலாளரில் ஒரு சிடி தெரிந்தால் பயப்படாதீர்கள். சில அடாப்டர்கள் விண்டோஸ் டிரைவரைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு முதலில் சிடி மாதிரி நிற்கும். அந்தச் சிடியின் மேல் வலது சொடுக்கி 'எஜெக்ட்' கொடுங்கள். பல நேரம் அதிலேயே அது வைஃபை அடாப்டராக மாறிவிடும். மாறியபின் எண்ணும் மாறியிருக்கும், மறுபடி பாருங்கள்.

இன்னொரு காரணம் ஃபர்ம்வேர் இல்லாதது. நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் 'சூடோ' (எஸ், யு, டி, ஓ) என்பதை முன்னால் போட்டு, ஒரு இடைவெளி விட்டு டி, எம், இ, எஸ், ஜி என்று தட்டினால் கெர்னல் பேசியதெல்லாம் வரும். கடைசி வரிகளில் ஃபர்ம்வேர் ஏறவில்லை, பிழை எண் -2 என்று இருந்தால் கோப்பு இல்லை என்று பொருள். உபுண்டு, மிண்ட் இரண்டிலும் இது அரிது. டெபியனில் 12-ஆம் பதிப்பிலிருந்து நிறுவும் வட்டிலேயே ஃபர்ம்வேரைச் சேர்த்துத் தருகிறார்கள். அதற்கு முந்தைய டெபியனில் தனியாகப் போட வேண்டும். அதை இறக்க நெட்டுக்கு எங்கே போவது? ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி நெட் போலவே எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் கேட்காது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவும் செலவாகாது.

படி 6: எங்கே செருகுவது?

டெஸ்க்டாப்பின் பின்பக்கம் செருகினால் அடாப்டர் இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், சிக்னல் பாதியாகிவிடும். இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. யுஎஸ்பி 3 போர்ட்டும் அதில் ஓடும் ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் அளந்து வெளியிட்டது. இரண்டுக்கும் ஒரே மருந்து, ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள். அடாப்டரை மேசைமேல் கொண்டுவந்து நிமிர்த்தி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒற்றைக் கோட்டில் நின்ற சிக்னல் இதைச் செய்ததும் மூன்று கோட்டுக்கு ஏறியது. 2.4 மட்டும் உள்ள அடாப்டர் என்றால் யுஎஸ்பி 2 போர்ட்டே போதும். ஏசி1200-க்கு யுஎஸ்பி 3 போர்ட் கொடுங்கள், யுஎஸ்பி 2-இன் உச்சமே 480 மெகாபிட்தான்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் சிப்பின் பெயரையும் அந்த ஐடி எண்ணையும் ஒரு சின்னத் தாளில் எழுதி, கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது 'எம்டி7612யு' என்று அக்கா மகள் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது.