குமரி மாவட்டத்திலிருந்து ஜெர்மனிக்கு மேற்படிப்பு: எதை முதலில் செய்வது?

ஜெர்மனியில் முதுகலை படிக்க நினைக்கும் நம் மாவட்ட மாணவர்கள் எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு செலவு என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அவற்றை இணையத்தில் ஒரே மாலையில் அறிந்துகொள்ளலாம். மாதக்கணக்கில் இழுத்தடிப்பது சான்றிதழ்களில் உள்ள பெயர் என்பதால், வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். பட்டச் சான்றிதழில் அது பின்னால் போயிருக்கும். பாஸ்போர்ட்டிலோ தந்தையின் முழுப்பெயர் குடும்பப்பெயருக்குரிய கட்டத்தில் இருக்கும், அல்லது அந்தக் கட்டமே வெறுமையாகக் கிடக்கும். மூன்றையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் விசா, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் பாஸ்போர்ட்டையே பின்பற்றுவதால், இறுதியாண்டு தொடங்கும்போதே பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுவது மேல் என்பது என் கருத்து.

அடுத்து டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பருவங்களின் மதிப்பெண்களையும் ஒன்றாகத் தொகுத்துத் தரும் சான்று. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்கள் திருநெல்வேலி அபிஷேகப்பட்டிக்கும், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் பொறியியல் படித்தவர்கள் சென்னைக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் முதலில் கேளுங்கள். அரியர் எழுதித் தேறியவர்கள், தோற்ற பருவத்தின் பழைய மதிப்பெண் பட்டியலை வெட்கப்பட்டு ஒளித்துவைக்க வேண்டாம். இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்று 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயமாகிவிட்டது. அதற்கு எல்லாப் பட்டியல்களும் தேவைப்படும்.

பணத்தைப் பொறுத்தவரை, அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். கட்டணமில்லை என்பதைச் செலவே இல்லை என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். முடக்கக் கணக்கில் (விசாவுக்காகப் பணம் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) ஓராண்டுச் செலவுக்கென முன்கூட்டியே காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்ந்தது; அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க முடியும்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் அம்மா கட்டித்தரும் பெட்டியையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நெய், பால் இனிப்பு, இறைச்சி ஊறுகாய் ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று வேண்டும். வாழைப்பழத்துக்கு அந்தச் சான்று தேவையில்லை என்பது நம் ஊர்க்காரர்களுக்கு ஓர் ஆறுதல். நெத்திலிக் கருவாடும் சொந்த உபயோகத்துக்கான அளவில் தடையற்றதுதான், ஆனால் மூன்று உறை போட்டுக் கட்டாவிட்டால் சட்டை முழுவதும் மணக்கும்.

அங்கே குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு தந்தவர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் தேவை. எனவே ஊரிலிருந்தபடி அறை பேசும்போதே அந்தக் கடிதம் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். தர மறுப்பவரின் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் முன்பணம் அனுப்பாதீர்கள்.