சென்னையில் பருவத்துக்கேற்ற ஒரு சபா அரங்கம்: எங்கிருந்து தொடங்குவது?

300 பேர் உட்காரும் அரங்கம் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு காலண்டரை எடுத்து, எந்த மாதம் திறந்து வைத்து நடத்துவோம், எந்த மாதம் மூடி நடத்துவோம் என்று குறித்துவிடுங்கள், மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வரும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மாலைக் கச்சேரிக்கு ஏசி பெரும்பாலும் வேண்டாம். ஏப்ரல், மே, ஜூனில் அது இல்லாமல் முடியாது. அக்டோபர், நவம்பரில் மழைதான் பிரச்சினை.

நீளவாட்டைக் கிழக்கு மேற்காக வையுங்கள். பிற்பகல் வெயில் விழும் மேற்குச் சுவரை ஒட்டி சாமான் அறை, படிக்கட்டு வரட்டும். ஒப்பனை அறையை மட்டும் அங்கே தள்ளிவிடாதீர்கள், முழு அலங்காரத்தோடு காத்திருக்கும் பிள்ளைகள் வெந்துபோவார்கள். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஜூனில் உச்சி வெயில் வடக்குப் பக்கமாகச் சாயும், ஆகவே வடக்குச் சுவருக்கும் நிழல் வேண்டும்.

திறந்து வைப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. கேரளக் கோயில்களின் நாடக அரங்குகளான கூத்தம்பலங்களில் சுற்றிலும் காற்று நுழையும் மரச் சட்ட அழி, மேலே உயர்ந்த சரிவுக் கூரை, சூடான காற்று தானே மேலேறிவிடும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் கூத்தம்பலமும் அந்த மரபில் எழுந்ததுதான். ஆனால் நடுநகரத்தில் அப்படியே திறந்தால் தம்புராவுக்கு மேல் பஸ் ஹாரன் கேட்கும். அதனால் காற்று வரும் வழியை இரண்டு இடத்தில் வளைத்து, உட்பக்கம் சத்தத்தை உறிஞ்சும் ராக்வுல் பஞ்சு பதியுங்கள். காற்று வளைந்து உள்ளே வந்துவிடும், சத்தம் வழியிலேயே அடங்கும். திறந்து நடத்தும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான மாதங்களில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும், நுழைவாயை அங்கே வையுங்கள், வெளியேறும் வாயை எதிர்ப்பக்கம் கூரைக்குக் கீழே. இரண்டுக்கும் ரப்பர் விளிம்போடு இறுக மூடும் கதவு கட்டாயம். மூடும்போது எதிரொலி கூடும் என்பதால் பக்கச் சுவரில் இழுத்து விடுகிற கனத்த திரையும் வேண்டும்.

உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார், 300 பேர் என்றால் 30 இஸ்திரிப்பெட்டி எரிகிற மாதிரி. குளிர்காற்றை இருக்கைக்கு அடியிலிருந்து, அகலமான குழாய் வழியாக மெதுவாக விடுங்கள். குழாய் குறுகினால் ஆலாபனையில் உஸ்ஸென்று கேட்கும்.

அப்புறம் மழை. வெறும் தகரக் கூரை வேண்டவே வேண்டாம், அடைமழையில் மிருதங்கமே கேட்காது. மேடைப் பலகை ஈரத்தில் உப்பும், சுவரோரம் 10 மில்லிமீட்டராவது இடைவெளி விட்டு, அடியில் காற்றோட்டம் வையுங்கள். பக்கவாத்தியக்காரர்கள் காத்திருக்கும் அறையும் மேடையும் ஒரே குளிரில் இருக்கட்டும். ஈரக் காற்றில் தளர்ந்திருந்த மிருதங்கத் தோல், மேடையின் ஏசியில் காய்ந்து இறுகி, பாட்டின் நடுவே ஸ்ருதி ஏறிவிடும்.