டேக்ஆஃப்ல விமானம் கை மீறிப் போகாம பாத்துக்கறது எப்படி

சேலம் கமலாபுரம் விமான நிலையத்துல செஸ்னா 172ங்கிற சின்ன விமானத்தை ஓட்டிப் பழகுற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இது.

மொதல்ல சீட்டு. லாக் சரியா விழுந்துச்சான்னு உடம்பை முன்னயும் பின்னயும் ஆட்டிப் பாருங்க, ஏன்னா ஃபுல் பவர்ல போகும்போது சீட்டு பின்னால வழுக்குச்சுன்னா கை தன்னால யோக்கை, அதாவது விமானத்தைத் தூக்கவும் சாய்க்கவும் இருக்கற கைப்பிடியை, பிடிச்சு இழுத்துரும், மூக்கு தூக்கும், ஸ்டால் ஆயிரும், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்குற சக்திய இழந்துரும், தரைக்கு அவ்ளோ பக்கத்துல மீட்க எடமே கிடையாது. இத தயவுசெஞ்சு ஒவ்வொரு தடவையும் பண்ணுங்க.

பவர் கொடுத்ததும் மூக்கு இடது பக்கம் இழுக்கும், ப்ரொப்பல்லர் சுத்துற விதம் அப்படி. இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கற த்ராட்டிலை மெதுவா தள்ளி, மூக்கைப் பக்கவாட்டுல திருப்புற ரடர் பெடல்ல வலது பக்கத்தை மிதிச்சு நடுக்கோட்டைப் பிடிங்க. யோக்கைத் திருப்பி நேராக்கப் பாக்காதீங்க, பக்கக்காத்து இருந்தா மட்டும் காத்து வர்ற பக்கம் திருப்பி வச்சு வேகம் ஏற ஏற குறைச்சுக்கலாம். 55 நாட் (மணிக்கு சுமார் 100 கி.மீ.) வாக்குல வர்றதுக்கு முன்ன மூக்கைத் தூக்க அவசரப்படாதீங்க.

அப்புறம் நம்ம ஊர் வெயில். ரன்வே கடல் மட்டத்துலேர்ந்து 1,000 அடி உயரத்துலதான் இருக்கு, ஆனா 38 டிகிரி அடிச்சா காத்து லேசாகி விமானத்துக்கு அது கிட்டத்தட்ட 4,000 அடி மாதிரி, ஓட்டமும் நீளும், மேல ஏறவும் திணறும். சேர்வராயன் மலை கண்ணு முன்னாடி நிக்குதேன்னு பதறி மூக்கை இன்னும் தூக்குனா ஸ்பீடு போயிரும். முடிஞ்சவரை காலையிலயே பறங்க.

ரன்வேல ஓடும்போதே நடுக்கோட்டை விட்டு விலகி கட்டுக்குள்ள வரலேன்னா யோசிக்கவே வேணாம், த்ராட்டிலை முழுசா இழுத்து பிரேக் போடுங்க, 1,800 மீட்டர் ரன்வே, நிக்க எடம் இருக்கு.